கட்டுத்தரையில் ஒரு வண்டி ஸ்டாண்டு: மத்தியான ஷிப்ட் பார்க்கிறவர்கள் அவசியம் படிக்கவும்

கோயமுத்தூர் சத்தி ரோட்டில் சரவணம்பட்டியைத் தாண்டி ஐ.டி. வளாகங்களுக்கு வேலைக்குப் போகிறவராக இருந்து, அதிலும் மத்தியான ஷிப்ட் பார்க்கிறவராக இருந்தால் இதை முழுசாகப் படியுங்கள். மற்றவர்களுக்கு விலை மட்டும் போதும்: நாளைக்குப் பத்து ரூபாய், மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்தால் 220, ஹெல்மெட் வைக்கத் தனிக் காசு கிடையாது. டூவீலர் மட்டும்தான், கார் எடுக்க மாட்டார்கள். பெயர்ப் பலகை இல்லை. மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற இட்டேரியில், அதாவது தோட்டத்து மண்பாதையில், நூறு அடி உள்ளே வந்தால் ஒரு பழைய தோட்டம், மாடு கட்டியிருந்த கட்டுத்தரையைச் சமன் செய்து ஸ்டாண்டாக்கி இருக்கிறார்கள். ஓடு போட்ட சாளை ஒன்று, அதை ஒட்டித் தகரக் கொட்டகை, நடுவில் மூன்று புங்க மரம். வயசான அய்யாவும் ஆத்தாவும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நான் இங்கே வண்டி விட ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஆபீஸ் பார்க்கிங்கோடுதான் மல்லுக்கட்டினேன். அதைச் சொல்லாமல் இந்த இடத்தின் அருமையைச் சொல்ல முடியாது.

எங்கள் ஆபீசில் ஜெனரல் ஷிப்ட் ஒன்பதிலிருந்து ஆறு வரை. என் ஷிப்ட் பன்னிரண்டரைக்குத் தொடங்கி ராத்திரி ஒன்பதரைக்கு முடியும். ஆக, பன்னிரண்டரையிலிருந்து ஆறு மணி வரைக்கும் இரண்டு ஷிப்ட் ஆட்களின் வண்டியும் ஒரே நேரத்தில் உள்ளே நின்றாக வேண்டும். கட்டடம் திறந்தபோது ஒரே ஷிப்ட்தானாம். அப்புறம் இன்னொரு மாடியை எடுத்தார்கள், ஆட்களைச் சேர்த்தார்கள், மத்தியான ஷிப்டைக் கொண்டு வந்தார்கள், கேண்டீனில்கூட மேஜை கூடியது, பார்க்கிங் மட்டும் முதல் நாள் கோடு போட்ட அளவிலேயே நிற்கிறது. காலையில் வருகிறவர்கள் ஒன்பதேகாலுக்குள் இடத்தை நிரப்பிவிடுவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி வெயிலில் வருகிற எங்களுக்கு மிச்சம் இருப்பது கட்டடத்துக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய வெட்டவெளிதான். என்னைப் போன்ற ஒப்பந்த ஊழியர்களுக்குப் பார்க்கிங் ஸ்டிக்கரும் கிடையாது என்பதால் எனக்கு நிழல் உள்ள பக்கம் எந்த நேரத்திலும் கிடையாது. வேலை ஒரே வேலை, அடையாள அட்டையின் நாடா நிறம்தான் வேறு.

இதில் எனக்கு வயிறு எரிந்தது கார் வரிசையைப் பார்த்துத்தான். முன்வாசல் பக்கம் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கென்று பதவியைப் பெயிண்டில் எழுதி ஒதுக்கிய இடங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாட்களில், முக்கியமாகத் திங்கள், வெள்ளியில், அதில் பாதி காலியாகவே கிடக்கும். நம் ஊர்க் கட்டட விதிப்படி ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும், டூவீலருக்கு ஒரு மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் நீளமும் போதும். அதாவது ஒரு கார் இடத்தில் ஐந்து ஸ்கூட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் விடலாம். காலியாகக் கிடந்த எட்டு இடத்தை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பது வண்டி. எங்கள் ஷிப்டில் வெயிலில் விடுகிற வண்டிகளில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும்.

போன வருஷம் ஆடி மாதம் அந்தப் பின்பக்க வெட்டவெளியில்தான் என் வண்டி விழுந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஜூன், ஜூலையில் எப்படி அடிக்கும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்தின ராத்திரி தூறல் போட்டு மண் இளகி இருந்தது, சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்ல உள்ளே இறங்க, ஓரத்தில் நின்ற ஒரு புல்லட் சாய்ந்து, அது அடுத்ததைத் தள்ள, வரிசையாகப் பதினோரு வண்டி. என்னுடையது ஆறாவது. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு செல்போன் வெளிச்சத்தில் வந்து பார்த்தால் கண்ணாடி உடைந்து, பிரேக் லீவர் வளைந்து, பெட்ரோல் சொட்டிக்கொண்டு கிடக்கிறது. தூக்கி நிறுத்தக்கூட இரண்டு பேர் வேண்டியிருந்தது. செக்யூரிட்டி அண்ணன் நல்லவர், ஓடி வந்து கை கொடுத்தார், ஆனால் மறுநாள் அலுவலகத்தில் கேட்டபோது வாசலில் இருக்கிற பலகையைத்தான் காட்டினார்கள்: ‘வாகனங்களை அவரவர் சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்.’ செலவு 640 ரூபாய், என் கையிலிருந்து.

அந்தப் பலகையைப் பற்றி அப்புறம் கொஞ்சம் தேடிப் படித்தேன். டெல்லி ஹோட்டல் ஒன்றில் சாவியை ஊழியரிடம் கொடுத்து விட்ட கார் 1998-இல் திருட்டுப் போன வழக்கில், ‘சொந்தப் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்து வைத்தால் மட்டும் ஹோட்டல் தன் கவனக்குறைவிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் சொல்லியிருக்கிறது. அது சாவியை ஒப்படைத்த வண்டிக்கான தீர்ப்பு, நாமே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துகிற ஆபீஸ் பார்க்கிங்குக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் பலகை மாட்டினால் கடமை முடிந்தது என்கிற நினைப்பு தப்பு என்பதாவது உறுதியாயிற்று.

சரி, ஸ்டாண்டுக்கு வருகிறேன். முதல் நாள் வண்டியை உள்ளே விட்டதும் அய்யா கேட்ட முதல் கேள்வி, “எத்தன மணிக்குங்க அம்மிணி கெளம்புவீங்க?” எதற்குக் கேட்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. “ஒன்பதரைக்கு மேலதாங்க அய்யா” என்றேன். “அப்ப அக்கட்ட உள்ளார உட்டுருங்க, பொழுதோட முன்னாடி எடுத்து வெச்சர்றேன்” என்றார். அவர் வண்டியை வருகிற நேரத்தை வைத்து அடுக்குவதில்லை, போகிற நேரத்தை வைத்து அடுக்குகிறார். ஆறு மணிக்குக் கிளம்புகிறவர்கள் முன்வரிசை, எங்களைப் போன்றவர்கள் உள்வரிசை. ஆறரைக்கு முன்வரிசை காலியானதும் எங்கள் வண்டிகளை ஒவ்வொன்றாக உருட்டி விளக்குக்குக் கீழே கொண்டு வந்து வாசலைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிடுவார். அதனால்தான் ஹேண்டில் லாக் போட வேண்டாம் என்கிறார். ராத்திரி வந்தால் சாவியைப் போட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கொடுக்கிற இடத்தில் யாருக்கும் தோன்றாதது, ஒரு நோட்டும் பென்சிலும் வைத்திருக்கிற மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொட்டகைத் தூணுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு உடைந்த கடப்பாக்கல் துண்டுகளைக் குவித்து வைத்திருக்கிறார். சைடு ஸ்டாண்டு போடுகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் குனிந்து ஒரு துண்டை வைத்து, அதன் மேல் ஸ்டாண்டை ஊன்றி, சீட்டில் கை வைத்து ஒரு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். இந்த ஆடியில் அத்தனை காற்றுக்கும் ஒரு வண்டிகூட இங்கே சாயவில்லை.

டோக்கன் என்றால் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி எண் எழுதிய துண்டு. பாதி வண்டியில், பாதி நம் கையில். அது இல்லாமல் வண்டியை எடுக்க விடமாட்டார், எத்தனை மாதப் பழக்கமாக இருந்தாலும் சரி. ஒரு நாள் நான் தொலைத்துவிட்டபோது ஆர்.சி. காட்டச் சொன்னார், காட்டினேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

எங்கள் டீமில் போலியோவால் கால் பாதித்த ஒருவர் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஓட்டுகிறார். மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறி சொல்கிறது. ஆபீசில் சக்கர நாற்காலி படம் வரைந்த இடம் சரியான தூரத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலும் அங்கே கூரியர் வேன் நிற்கும். இங்கே ஓட்டுச் சாளையின் முதல் இடம் அவருடையது. ஒரு வாரம் அவர் லீவில் போனபோதும் அதில் வேறு வண்டியை விடவில்லை, கேட்டால் “அவர் எப்ப வேணும்னாலும் வருவாருங்க” என்கிறார் ஆத்தா.

குறைகளும் உண்டு. இட்டேரியில் மழை பெய்தால் சேறு, அதிலும் திருப்பத்தில் கவனமாக வர வேண்டும். கழிப்பறை இல்லை. சித்திரையில் புங்கம்பூ பொரி கொட்டின மாதிரி சீட் முழுக்க விழுந்து கிடக்கும், தட்டாமல் உட்கார்ந்தால் உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். தென்னை வரிசைப் பக்கம் இடம் காலியாகத்தான் இருக்கும், ஆனாலும் அங்கே விடாதீர்கள், மட்டை விழும் என்று அவரே கயிறு கட்டி வைத்திருக்கிறார். மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக். ஞாயிறு விடுமுறை. பத்தரைக்கு மேல் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஆத்தா விழித்திருந்து கதவைத் திறந்துவிடுவார், ஆனால் அவருக்கு முட்டிவலி, தினமும் அந்தச் சிரமத்தைக் கொடுக்காதீர்கள். ஆபீஸ் வாசலுக்கு நடை ஏழு நிமிஷம், கடைசி நூறு அடியில் தெருவிளக்கு எரிவதில்லை, ராத்திரியில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்தே வருகிறோம்.

1948 தொழிற்சாலைகள் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கேண்டீன் வேண்டும் என்றது, ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. அன்றைக்குத் தொழிலாளி நடந்தோ சைக்கிளிலோ வந்தான், வண்டி நிறுத்துவதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு டவுன் பஸ்ஸை நம்பி வேலை பார்க்க முடியாத இடங்களில் கம்பெனி இருக்கிறது. வண்டி இல்லாமல் அந்த ஷிப்டே இல்லை. அதனால் எங்களில் ஏழு பேர் சேர்ந்து மெயில் போட்டிருக்கிறோம்: ஒரு மணிக்கு மேல் காலியாக இருக்கிற கார் இடத்தை டூவீலருக்குத் திறந்து விடுங்கள், அது முடியாவிட்டால் இந்த ஸ்டாண்டின் மாதக் காசையாவது கம்பெனி கட்டட்டும். ஒப்பந்த ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறோம். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

நேற்று மாதக் காசு கொடுக்கப் போனபோது சைட் பார்க்க யாரோ காரில் வந்து போனதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். அய்யாவிடமே கேட்டேன். “கேட்டுட்டுத்தானுங்க இருக்கறாங்க, நாங்க இருக்கற வரைக்கும் குடுக்கறதா இல்லைங்க” என்று சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்து, புது மாதத்துக்குக் கோடு கிழித்து, என் வண்டி எண்ணுக்கு நேரே 9.40 என்று எழுதிக்கொண்டார்.