முட்டை வாத்து: தீனியை விடுங்கள், தண்ணீரைப் பற்றிப் பேசுவோம்

வாத்துக் கொட்டகையின் தளத்தை உடைத்துப் புதிதாகப் போட்டு முடித்த அதே வாரம் பார்த்து நண்பர் கேட்கிறார், "கொல்லையில் நாலு வாத்து விடலாமா, கோழியைவிடச் சுலபமாமே?"

காக்கி கேம்பெல் என்கிற முட்டை வாத்து இனம் நன்றாகக் கவனித்தால் வருஷத்துக்கு 280, 300 முட்டைகூட இடும், கோழி அளவுக்கு நோய் வராது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாரும் சொல்லாதது தண்ணீர். குளம் வேண்டியதில்லை, ஆனால் தலை முழுகும் ஆழம் கட்டாயம் வேண்டும், கண்ணையும் மூக்கையும் வாத்து அதில்தான் கழுவிக்கொள்ளும். தவிட்டில் ஒரு வாய், உடனே தொட்டியில் ஒரு வாய், பிறகு தலையை ஒரு உதறு. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தவிட்டுப் பொட்டு. சாயங்காலம் தொட்டியில் இருப்பது கழுநீர் மாதிரி இருக்கும். தினமும் கொட்டிக் கழுவ வேண்டும், ஒருநாள்கூட விட முடியாது.

கொத்தனார் பழைய தளத்தைத் தண்ணீர் வடிய வாட்டமே கொடுக்காமல் போட்டுவிட்டுப் போயிருந்தார். மூலையில் தண்ணீர் தேங்கி, உமி ஊறி, உள்ளே போனாலே கண் எரியும். அதைவிடப் பயம் பூஞ்சை. அஃப்ளடாக்சின் என்கிற பூஞ்சை நஞ்சை வாத்து கோழி அளவுக்குத் தாங்காது, கல்லீரல் போய்விடும். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேல் வான்கோழிகளும் கூடவே வாத்துக்குஞ்சுகளும் செத்தது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கால்தான். அதனால் கடலைப் புண்ணாக்கை நான் வாசலிலேயே சேர்ப்பதில்லை, மக்காச்சோளத்தில் லேசாகக் கருப்பு தெரிந்தாலும் குப்பைக்குத்தான்.

இப்போது தொட்டியும் தீனியும் கொட்டகைக்கு வெளியே, அடியில் ஜல்லிக் குழி, மேலே கம்பி வலை, வழிவதெல்லாம் வாழைக்குப் போகிறது. தீனி இருக்கிற இடத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், ஆகவே வைத்தால் இரண்டையும் சேர்த்தே வையுங்கள். ராத்திரி உள்ளே காய்ந்த உமி மட்டும். கீரி நுழையாத சின்னக் கண் வலையாகப் போடுங்கள், வாத்து பரண் ஏறாது, தரையில்தான் படுக்கும்.

முட்டை விஷயத்தில் மட்டும் குறையே சொல்ல மாட்டேன். பெரும்பாலும் விடிவதற்குள் இட்டுவிடும், எட்டு மணிக்கு மேல் திறந்துவிட்டால் கொல்லை முழுக்கத் தேடி அலைய வேண்டாம். உமிக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக, கோழிமுட்டையைவிடக் கனமாக ஒன்று தட்டுப்படும், அதில் போட்ட ஆப்பாயிலைச் சாப்பிட்டபின் எங்கள் வீட்டில் கடை முட்டையை யாரும் தொடுவதில்லை. வாத்து தின்றுவிடுவதால் செடியில் நத்தையும் இல்லை. குஞ்சு வேண்டுமென்றால் மட்டும் அடைக்கோழி தேட வேண்டும், கேம்பெல் அடை உட்காராது, குஞ்சு பொரிய 28 நாள் ஆகும்.

இவ்வளவு சொல்லியும் நண்பருக்கு என் பதில், வேண்டாம். வாடகை வீடு, பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு வீடு, பெட்டை வாத்து போடுகிற சத்தம் வேறு. ஆசை விடவில்லை என்றால் ஐப்பசி மழையில் எங்கள் கொட்டகைக்கு ஒருமுறை வந்து தொட்டியைக் கழுவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.