உறுப்பினர் முகவரியை மறைக்கும் மடற்குழு மென்பொருள்: லிஸ்ட்மாங்க், மெயில்மேன் 3 அனுபவம்

குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்து ஊர்ச் சங்கங்களிலும் முன்னாள் மாணவர் குழுக்களிலும் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். அவர்களின் மின்னஞ்சல் பட்டியல் போலி வேலை ஏஜெண்டுகளுக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெறுபவர்களின் முகவரியை ஒருவருக்கொருவர் காட்டாத பிசிசி-யை நம்பி ஓட்டலாம்தான். ஆனால் ஒரே ஒரு நாள் மறந்து எல்லா முகவரியும் எல்லோருக்கும் தெரியும் சிசி-யில் போட்டுவிட்டால் போனது போனதுதான்.

அறிவிப்பு மட்டும் அனுப்பினால் போதும் என்றால் லிஸ்ட்மாங்க் என்ற மென்பொருள் போதும். ஒவ்வொருவருக்கும் தனி மடலாகப் போவதால் பக்கத்து முகவரி தெரியாது. யார் திறந்தார், எதைச் சொடுக்கினார் என்று ஆள்வாரியாகக் கண்காணிக்கும் வசதியை பிரைவசி அமைப்பில் அணைத்தே வையுங்கள். 4-ஆம் பதிப்பிலிருந்து ஆளுக்கொரு கணக்கு கொடுக்கலாம். மடல் எழுதுபவருக்குச் சந்தாதாரர் பட்டியலைப் பார்க்கும் அனுமதி வேண்டவே வேண்டாம். செயலாளர் மாறும்போது எக்செல் கோப்பு கைமாறும் பழக்கம் இதனால் நிற்கும்.

எல்லோரும் பேசும் குழுவில்தான் சிக்கல். அதற்கான மென்பொருளான மெயில்மேன் 3-இல் வழக்கமான பாணியில் குழு தொடங்கினால் ஆவணக் காப்பகம் பொதுவில் திறந்திருக்கும். அதை பிரைவேட் ஆக்குங்கள், தேவையில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். உறுப்பினர் பட்டியலை நடத்துநர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். பலர் ஏமாறும் இடம் டிமார்க், அதாவது போலி அனுப்புநர் முகவரியைத் தடுக்கும் மின்னஞ்சல் விதி. அதில் குழு மடல்கள் சிக்காமலிருக்க, அனுப்புநர் முகவரியை மாற்றும் 'மஞ்ச் ஃப்ரம்' அமைப்பைப் போட்டால் அனுப்புநர் வரியில் குழுவின் முகவரி தெரியும். ஆனால் எழுதியவரின் உண்மையான முகவரி ரிப்ளை-டு (பதில் போகும் முகவரி) அல்லது சிசி வரியில் உட்கார்ந்திருக்கும். மறைய வேண்டுமானால் 'அனானிமஸ் லிஸ்ட்' அமைப்பே வழி. அதற்கும் விலை உண்டு: தனிப் பதில் போட முடியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. பெயரை மடலின் அடியில் எழுதச் சொல்லிப் பழக்க வேண்டும். மடலின் உள்ளடக்கத்தை இந்த அமைப்பு தொடாது என்பதால் கையெழுத்துப் பகுதியில் கைபேசி எண்ணும் முகவரியும் இருந்தால் அப்படியே போகும்.

வாடகை சர்வர்களில் இலவசமாகக் கிடைக்கும் பழைய பதிப்பான மெயில்மேன் 2.1 வேண்டாம். அது ஓடும் நிரல்மொழியான பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இலேயே முடிந்தது. போதாததற்கு, நினைவூட்டல் என்று மாதாமாதம் கடவுச்சொல்லை வெளிப்படையாக மடலில் அனுப்பும்.

எதைப் போட்டாலும் உறுப்பினர்களைச் சேர்க்கும் முன் இரண்டு சோதனை முகவரிகளைச் சேருங்கள். ஒன்றிலிருந்து எழுதி, மற்றதில் மடலின் மூல வடிவத்தை முழுதாகக் காட்டும் ஜிமெயிலின் 'ஷோ ஒரிஜினல்' திறந்து, அனுப்பிய முகவரியைத் தேடுங்கள். பதில் மடலுக்கும் இதையே செய்யுங்கள். ஒரு வரியில் அகப்பட்டாலும் குழுவைத் திறக்காதீர்கள்.