மண்டைக்காட்டுத் தரைக்கடையா, திருவனந்தபுரம் ஸ்டாலா? மரக் கைவினைப் பொருளுக்கு எது தோது

குமரி மாவட்டத்தில் மரவேலை செய்கிறவர்களுக்கு முக்கியமான விற்பனை வழிகள் மூன்று: கோயில் திருவிழாவில் தரைக்கடை, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் கண்காட்சி ஸ்டால், கோவளம் பக்கத்துக் கடைகளில் கமிஷனுக்குக் கொடுத்து வைப்பது. ஒரே சரக்கை மூன்று இடத்துக்கும் சுமந்தால் கையைக் கடிக்கும். எங்கே விற்கப் போகிறோம் என்று தீர்மானித்த பிறகே உளியை எடுக்க வேண்டும்.

மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் மாசிக் கொடை பத்து நாள் திருவிழா. கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டி வருகிறார்கள். பஸ்ஸிலும் வேனிலும் திரும்புகிறவர்கள் என்பதால் பையில் அடங்குவதுதான் விற்கும்: சிரட்டை அகப்பை, மத்து, தோசைத் திருப்பி, சின்ன அஞ்சறைப்பெட்டி. இரண்டடி உயரச் சிற்பத்தை ரசித்துப் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள். விலை கேட்பதற்கு முன்பே “ஏது தடியா?” என்று மரத்தைத்தான் கேட்பார்கள். பிலாவு (பலா), ஆஞ்ஞிலி (அயினி), மாவு (மாமரம்) என்று அவர்களுக்குத் தெரிந்த பெயரை மலையாள எழுத்தில் சீட்டில் எழுதி வைத்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

இங்கே சரக்கைக் கெடுப்பது கடற்காற்று. தேங்காய் எண்ணெய் தடவிய அகப்பை காயவே காயாது, பறக்கும் மணல் முழுக்க அதில் ஒட்டும். அதற்குக் காயும் எண்ணெய்தான் வேண்டும். உணவுத் தரமுள்ள, காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் 4 பங்கு, தேன்மெழுகு 1 பங்கு, எடைக் கணக்கில். மெழுகுக்கு மார்த்தாண்டம் பக்கத்திலேயே தேன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து உருக்குங்கள், நேராக அடுப்பில் வேண்டாம். மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தை அரை மணி நேரத்தில் துடைத்துவிட்டு, குறைந்தது மூன்று வாரம் காற்றாட விட வேண்டும். பெயின்ட் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு’ ஆளிவிதை எண்ணெயில் உலர வைக்கும் ரசாயனம் கலந்திருக்கும், சமையல் சாமானுக்கு ஆகாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள். பெட்டிகளுக்கு இரும்பு ஆணியைத் தவிர்த்துப் பித்தளை போடுங்கள். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தில் கருங்கறை இறங்கிவிடும்.

திருவனந்தபுரம் ஸ்டாலின் கணக்கே வேறு. ஓர் உதாரணம்: ஐந்து நாளுக்கு ஸ்டால் வாடகை, வண்டி, சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய் என்று வையுங்கள். ஒரு பொருளில் 50 ரூபாய் லாபம் நின்றால் முதல் எடுக்கவே 200 உருப்படி விற்க வேண்டும். 400 ரூபாய் நின்றால் 25 போதும். ஆகவே கண்காட்சிக்குப் பல்லாங்குழி, நகைப்பெட்டி, விளக்குப் பலகை, சிற்பம். அகப்பை வேண்டுமானால் போணிக்கு ஒரு கூடை.

ஓணத்தையொட்டிய கண்காட்சி என்றால் ஈரத்தைக் கவனியுங்கள். பங்குனி வெயிலில் இறுக்கமாகப் பொருத்திய மூடி, மழைக்காலம் கழிந்து ஆவணியில் உப்பிக்கொண்டு திறக்காது. வாங்க வந்தவர் இழுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவார். வெயில் காலத்தில் செய்வதானால் நாலு அங்குல அகல மூடிக்கு, மர நாரின் குறுக்குத் திசையில் 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மரம் காய்ந்ததா என்று அறிய வாரம் ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு எடை ஒன்றாக இருந்தால் உளி வைக்கலாம். ரப்பர் மரம் மலிவுதான். ஆனால் அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறாத கட்டையில் வண்டு விழும், விற்ற சில மாதத்தில் மாவாகக் கொட்டும். ஊறியதை அகப்பைக்குத் தொடாதீர்கள்.

எல்லை தாண்டும்போது பலரும் கோட்டை விடுவது காகிதத்தில். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் உள்ளவர், ஜிஎஸ்டி அறிவிக்கையில் கைவினை என்று பட்டியலிட்ட பொருளைப் பதிவில்லாமலே வெளிமாநிலத்தில் விற்கலாம். பான் எண் வேண்டும். கூடவே, சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) எடுத்தாக வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் பில் என்ற வழக்கமான வரம்பு இங்கே கிடையாது. தேக்குக்கு மரக்கடை ரசீது கையில் இருக்கட்டும். ரசீதில்லாத ஈட்டி மரம், செஞ்சந்தனம் பக்கமே போக வேண்டாம். காந்தி சில்ப் பஜார் மாதிரி மத்திய அரசுச் சந்தைகளில் இடம் கேட்க, கைவினைத் துறை தரும் பெஹ்சான் அட்டையை (கைவினைஞர் அடையாள அட்டை) முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

செலவைப் பார்த்தால் தரைக்கடை எளிது. ஆனால் அங்கே தரைவாடகை ஏலம் எடுத்தவர் கையில் இருக்கும். விளக்குக்குத் தனிக் காசா என்று முதலிலேயே கேட்டு ரசீது வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு மாசிக் கொடையில் சின்னச் சாமானை விற்றுப் பழகி, அந்தப் பணத்தில் ஸ்டாலுக்குப் போவதுதான் சரி. கமிஷன் கடைக்கு, விற்க நாளாகும் பெரிய சிற்பங்களை மட்டும் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு கமிஷன் என்றால் 9,000 ரூபாய்ச் சிலைக்குக் கையில் 6,000தான். பொருள், விலை, தேதி எழுதிய பட்டியல் இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் சிலை வெடிக்கும். எந்த இடத்தில் வைப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.