அறிவியல் வரலாற்று நூலகத்தின் டிஜிட்டல் சேகரிப்பு: கூட்டு மென்பொருளா, சொந்த மென்பொருளா, அடுத்தவர் கூரையா?

பிலடெல்பியாவில் சயின்ஸ் ஹிஸ்டரி இன்ஸ்டிட்யூட் என்றொரு நிறுவனம் இருக்கிறது. 1982-இல் வேதியியல் வரலாற்று மையமாகத் தொடங்கி, நெடுங்காலம் கெமிக்கல் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் இயங்கி, 2018-இல் இன்றைய பெயருக்கு வந்தது. அதன் ஆத்மர் நூலகத்தில் ரசவாதக் கையெழுத்துப் பிரதிகள் உண்டு, பழைய வேதியியல் நூல்கள் உண்டு. தொழிற்சாலைப் புகைப்படங்கள், விளம்பரங்கள், விஞ்ஞானிகளின் கடிதக் கட்டுகள், அவர்களிடம் மணிக்கணக்கில் எடுத்த வாய்மொழிப் பேட்டிகள் என்று பட்டியல் நீளும். அச்சுப் புத்தகங்களை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றுவதென்றால் எந்த வழியும் சரிப்பட்டு வரும். கடிதமும் பேட்டியும் சேரும்போதுதான் வழிகள் பிரிகின்றன.

இப்படியொரு நூலகத்தின் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. பல நூலகங்கள் சேர்ந்து வளர்க்கும் திறமூல மென்பொருளை, அதாவது நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளை, நிறுவிக்கொள்ளலாம். தனக்கென்றே ஒன்றை எழுதிக்கொள்ளலாம். அல்லது இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகம் போன்ற இடத்திலோ கட்டணச் சேவையிலோ கொண்டுபோய் வைத்துவிடலாம். மூன்றையும் நான் இரண்டே கேள்விகளால் எடை போடுகிறேன். நம்மிடம் உள்ள பொருளை அதன் இயல்பு கெடாமல் காட்டுமா? நாளைக்கு வெளியேற நேர்ந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியுமா?

கூட்டு மென்பொருள்

கேட்பதற்கு மிக நியாயமான வழி இதுதான். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997-இல் தொடங்கிய ஃபெடோரா என்ற களஞ்சிய மென்பொருள்தான் இதற்கு அடித்தளம். அதன்மேல் ஸ்டான்ஃபோர்டு, வர்ஜீனியா, இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகங்கள் 2008-இல் ஹைட்ரா என்ற மென்பொருள் திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் அதன் பெயர் சம்வேரா என்று மாறியது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006-இல் பிறந்த ஐலண்டோரா, ஃபெடோராவை ட்ரூபல் என்ற இணையதள மேலாண்மை மென்பொருளோடு இணைத்தது. உரிமக் கட்டணம் கிடையாது. சிக்கல் வந்தால், அதே சிக்கலில் ஏற்கெனவே மாட்டி மீண்டவர்களிடம் கேட்கலாம்.

ஆனால் பராமரிப்புச் செலவு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக வந்து இறங்கும். ஐலண்டோராவின் பழைய பதிப்பு ட்ரூபல் 7-ஐ நம்பி இருந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ட்ரூபல் 7-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. புதிய ஐலண்டோராவின் உள்ளமைப்பே வேறு என்பதால், சேகரிப்பு முழுவதையும் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காத நூலகங்களின் பாடு திண்டாட்டம்தான்.

ஃபெடோரா 4-இல் வேறொரு சங்கடம். வட்டில் கோப்புகள் நீண்ட குறியீட்டுப் பெயர்களோடு கிடந்தன. மென்பொருள் பழுதானால் எது எந்த நூலின் எந்தப் பக்கம் என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2021-இல் வந்த ஃபெடோரா 6, ஓசிஎஃப்எல் என்ற ஒழுங்குமுறைக்கு மாறி இதைச் சரிசெய்தது. இப்போது மென்பொருளே இல்லாவிட்டாலும் கோப்புறையைத் திறந்து பார்த்து எது என்ன என்று கண்டுபிடித்துவிடலாம். கூட்டு வழியில் போகிறவர்கள் மற்ற எந்த வசதிக்கும் முன்னால் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சொந்த மென்பொருள்

பிலடெல்பியாக்காரர்களும் முதலில் சம்வேரா வழியில்தான் போனார்கள். 2019-இல் அதை விட்டுவிட்டு, ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற நிரலாக்கச் சட்டகத்தில் தங்களுக்கென்றே ஒன்றை எழுதிக்கொண்டார்கள். ஃபெடோரா இருந்த இடத்துக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வந்தது. கோப்புகள் அமேசானின் மேகச் சேமிப்புக்குப் போயின. பெரிய பல்கலைக்கழகங்களின் தேவைகளையெல்லாம் சுமந்து பருத்த மென்பொருளைச் சிறிய குழு கட்டி மேய்ப்பதைவிட, தன் தேவைக்கு மட்டும் எழுதியதை நடத்துவது எளிது. நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அதனால் என்ன லாபம் என்பதற்கு அந்த நூலகத்தில் உள்ள பிரெடிக் குடும்பத்தின் காகிதங்களே சாட்சி. கேயோர்க் பிரெடிக் வினையூக்க ஆய்வில் முன்னோடியான ஜெர்மானிய வேதியியலாளர். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் கார்ல்ஸ்ரூஹே பேராசிரியர் பதவியை இழந்தார். மகன் மாக்ஸ் 1937-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். தந்தை 1939-இல் நெதர்லாந்துக்குத் தப்பி, மறு ஆண்டு அமெரிக்கா வந்து, 1944-இல் காலமானார். அந்தக் கட்டில் ஆய்வுப் பேச்சும் உயிர் தப்பும் முயற்சியும் கலந்தே கிடக்கின்றன.

அதிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் கையெழுத்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் சாதாரண ஓசிஆர் மென்பொருள் போட்டால் குப்பைதான் மிஞ்சும். ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படியெடுக்க வேண்டும், பிறகு அது ஆங்கிலத்துக்கு வர வேண்டும். படமும் படியும் மொழிபெயர்ப்பும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், தேடலிலும் அகப்பட வேண்டும். புத்தகத்துக்கென்று செய்த பக்கம் புரட்டும் திரையில் இதைத் திணித்தால் கடிதம் ஊமையாகிவிடும்.

பேட்டிகளின் கதை இன்னும் நுணுக்கம். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் உருவான ஓஎச்எம்எஸ் கருவியைப் பயன்படுத்தினால், எழுத்துப்படியில் ஒரு சொல்லைத் தேடி, ஒலிப்பதிவில் அந்த இடத்துக்கே தாவலாம். சில பேட்டிகள் யாருக்கும் திறந்திருக்கும். சிலவற்றைக் கோரிக்கை அனுப்பித்தான் பெற வேண்டும். பேசியவருக்குக் கொடுத்த வாக்கு அது, மென்பொருள் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். இவ்வளவையும் தங்கள் போக்குக்குச் செய்துகொள்ள சொந்த நிரல் இடம் கொடுத்தது.

ஆபத்தும் அங்கேதான். எழுதியவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவருக்கு எதுவும் புரியாமல் போகலாம். நிரலாளரை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்ள முடியாத நூலகம், இரண்டு வருட மானியத்தை நம்பி இந்த வழியில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மானியம் தீரும், சர்வர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தவர் கூரை

உயிரினங்கள் பற்றிய பழைய நூல்களுக்கான பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி 2006-இல் தொடங்கியது. உறுப்பு நூலகங்கள் இன்டர்நெட் ஆர்க்கைவோடு சேர்ந்து ஸ்கேன் செய்தன. இன்று 6 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பக்கங்களில் வரும் உயிரினப் பெயர்களை நிரலே கண்டுபிடித்துத் தொகுத்துக் கொடுக்கிறது. ஒரு தாவரப் பெயரைத் தட்டினால் அது அச்சான பழைய பக்கங்கள் வந்து நிற்கும். தனி நூலகம் எதுவும் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. அச்சு நூல்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கட்டணச் சேவைகளில், ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பு நடத்தும் கன்டென்ட்டிஎம் அமெரிக்க நூலகங்களுக்கு நெடுநாள் பழக்கம். தொழில்நுட்ப ஆள் இல்லாத இடத்துக்கு வசதி. அவர்கள் போட்ட கட்டத்துக்குள் மட்டுமே நிற்க வேண்டும்.

ஆனால் அடுத்தவர் கூரைக்கும் ஆபத்து உண்டு. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையவழியில் தாக்கப்பட்டது. 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. தளமும் பல நாட்கள் முடங்கியது. பயோடைவர்சிட்டி லைப்ரரியின் நிர்வாகத்தைத் தாங்கிவந்த ஸ்மித்சோனியன், அந்தப் பொறுப்பிலிருந்து விலகுவதாக 2025-இல் அறிவித்தது. சொந்த வீடு மட்டும் பத்திரம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் லைப்ரரி தாக்கப்பட்டபோது அதன் நூற்பட்டியலே மாதக்கணக்கில் இல்லாமல் போனது.

ஆகவே மூலக் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் கணக்கு. ஏ4 தாள் ஒன்றை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில், சுருக்காத டிஃப் என்ற படக் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 46 எம்பி. 300 பக்க நூல் 14 ஜிபியைத் தொடும். இணையத்தில் வாசகர் பார்ப்பது இதில் மிகச் சிறிய பிரதி. அந்தச் சிறிய பிரதியை மட்டும் பிறரிடம் கொடுத்துவிட்டு டிஃப் கோப்புகளை யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்கில் விட்டு வைப்பது மகா தப்பு.

லண்டனின் வெல்கம் கலெக்ஷன் இதை அழகாகச் செய்திருக்கிறது. காட்டும் தளம் வேறு, சேமிக்கும் கிடங்கு வேறு. கிடங்கில் ஒவ்வொரு நூலும் பேக்இட் என்ற பொதிமுறையில், கோப்பு மாறவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்களோடு கட்டுக்கட்டாக இருக்கும். அமேசான் மேகத்திலும் மைக்ரோசாஃப்ட் மேகத்திலும் தனித்தனிப் பிரதிகள். படங்களை ஐஐஐஎஃப் என்ற பொதுவான படப் பகிர்வு முறையில் கொடுப்பதால் உலகின் எந்தத் தளமும் தன் திரையில் அவற்றைத் திறக்கலாம். வெல்கமுக்குப் பணபலம் உண்டு, உண்மைதான். கிடங்கையும் கடைமுகப்பையும் பிரித்து வைக்க அவ்வளவு பணம் தேவையில்லை.

என் தேர்வு பொருளுக்கேற்ப மாறும். பதிப்புரிமை முடிந்த அச்சு நூல்களைத் தயங்காமல் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுவேன். கடிதங்களும் படங்களும் சில ஆயிரம் உருப்படிகளுக்குள் இருந்து, நிரலாளர் இல்லையென்றால், சாதாரண பிஎச்பி சர்வரிலேயே ஓடும் ஒமேகா எஸ் என்ற சிறிய திறமூல மென்பொருள் போதும். வாய்மொழிப் பேட்டிகளே நூலகத்தின் உயிர் என்றால், நிரந்தர நிரலாளர் ஒருவரை அமர்த்தி பிலடெல்பியா வழியில் போகலாம். சம்வேராவும் ஐலண்டோராவும் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவு பின்னால் நிற்கும் இடங்களுக்கு மட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் 50 உருப்படிகளை ஏற்றி, உடனே அவற்றைத் திரும்ப வெளியே எடுத்துப் பாருங்கள். மெட்டாடேட்டா, அதாவது ஒவ்வொரு உருப்படியையும் பற்றிய விவரக் குறிப்பு, சிஎஸ்வியாகவோ எக்ஸ்எம்எல்லாகவோ முழுமையாக வருகிறதா, டிஃப் கோப்பின் சரிபார்ப்பு எண் மாறாமல் இருக்கிறதா, படியெடுப்பு எந்தக் கடிதத்துக்கு உரியது என்ற தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு இடம் கொடுக்காத நிறுவனத்தோடு அதற்குமேல் விலை பேச வேண்டியதில்லை.