கப்பல் கிட்ஸ் கிளப்: பெற்றோரே அழைத்து வருவதா, பிள்ளை தானே வெளியேறுவதா?

குடும்பங்கள் போகும் உல்லாசக் கப்பல்களில், ஊழியர் மேற்பார்வையில் பிள்ளைகள் விளையாடும் இடம்தான் கிட்ஸ் கிளப். அங்கிருந்து சின்னக் குழந்தையை, பெற்றோர் பதிவு செய்து வைத்த பெரியவர்தான் அழைத்துப் போக முடியும். டிஸ்னி கப்பல்களில் பிள்ளையின் கையில் பட்டை கட்டி, அழைக்க வருபவரிடம் ரகசியச் சொல்லும் கேட்பார்கள். கொஞ்சம் தொல்லைதான், நிகழ்ச்சியின் நடுவில் எழுந்து ஓட வேண்டியிருக்கும். ஆனால் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை.

8, 9 வயதானதும் பல கப்பல்களில் இன்னொரு வழி உண்டு: பெற்றோர் கையெழுத்திட்டால் பிள்ளை தானே வெளியேறலாம். பிள்ளைக்கு இது பெரிய சந்தோஷம். சரி, கதவைத் தாண்டியபின் யார் பொறுப்பு? கிளப் ஊழியர் இல்லை. பத்துப் பதினைந்து மாடிகள், லிஃப்ட்கள், நீச்சல் குளங்கள். குளத்தருகே உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. அமெரிக்காவின் 2010 சட்டம் கப்பல் தளத்தின் ஓரக் கைப்பிடி குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்கிறது. நாற்காலியில் ஏறும் குழந்தைக்கு அது தடையே அல்ல.

என் தேர்வு முதல் வழிதான், குறைந்தது 10 வயது வரை. அதற்குமேல் அனுமதிப்பதென்றால், கிளப்பிலிருந்து நேராக அறைக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ மட்டும் என்று பேசி வையுங்கள். அந்த வழியை முதல் நாளே பிள்ளையோடு நடந்து பாருங்கள். மற்றவர் அறைக்குள் போகக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.