கும்பகோணத்தில் ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசனைச் சேவை: பாத்திரக்கடைக்காரரின் மதிப்புரை

கும்பகோணத்தில் பாத்திரக்கடை நடத்தும் நான், 2024 தொடக்கத்திலிருந்து இதே ஊரிலுள்ள ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் மாதம் 2,000 ரூபாய் கட்டணத்தில் ஆலோசனை பெற்று வருகிறேன். வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதைப் பார் கவுன்சில் விதிகள் தடுப்பதால், பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே அவருடைய வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதற்கு முன் எனக்கிருந்த ஆலோசகர் பதிவேடுகளை நிரப்பித் தருவார், தொழிலாளர் துறை ஆய்வாளர் வரும் நாளில் உடனிருப்பார். ஆனால் நான் யாருக்கு எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதை ஒருநாளும் சொன்னதில்லை. இவர் முதல் ஆறு மாதத்திற்குள்ளேயே அதைச் சொன்னார்.

2009 செப்டம்பரில் தீபாவளி வியாபாரத்துக்காகக் கிடங்கு வேலைக்குச் சேர்ந்த ஒருவர், 2024 மே மாத இறுதியில், முழங்கால் வலி தாளாமல், திருப்பூரிலுள்ள மகனிடம் போவதாகச் சொல்லி விலகினார். வேட்டி சட்டையுடன் 25,000 ரூபாயும் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைக்க எண்ணியிருந்தேன். பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது நெடுநாள் உழைத்து விலகுபவருக்கு முதலாளி சட்டப்படி தர வேண்டிய தொகை என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வழக்கறிஞர் என் எதிரிலேயே கணக்குப் போட்டார். மாதத்துக்கு 26 வேலை நாள், ஓராண்டுப் பணிக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில், கடைசிச் சம்பளம் 13,000 ரூபாயை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 7,500 ரூபாய். பதினான்கு ஆண்டு எட்டு மாதப் பணியில், ஆறு மாதத்திற்கு மேற்பட்ட அந்த மிச்சமும் முழு ஆண்டாகவே கொள்ளப்படும் என்பதால் பதினைந்து ஆண்டுகள். மொத்தம் 1,12,500 ரூபாய்.

நான் மறுத்தேன். கடையில் இப்போது எட்டுப் பேர்தானே இருக்கிறார்கள், பத்துப் பேருக்குக் குறைந்தால் பணிக்கொடைச் சட்டம் வராதே என்றேன். கொரோனாவுக்கு முன் பதின்மூன்று பேர் இருந்ததை என் சம்பளப் பதிவேட்டிலேயே காட்டி, 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கடைக்கு ஒருமுறை பொருந்திவிட்டால் பின்னர் ஆள் குறைந்தாலும் விலகாது என்று விளக்கினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் துணி எடுத்துக் கொடுத்ததையும், மகள் திருமணத்துக்குத் தந்ததையும் கழிக்கக் கூடாதா என்று கேட்டேன். அவையெல்லாம் நான் மனம் விரும்பிக் கொடுத்தவை, இதுவோ அவர் உழைத்துச் சேர்த்த பணம் என்றார். ‘கணக்குத் தீர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் நம்மூர் வழக்கமும் இந்த உரிமையை அழிக்காது என்பதையும், முப்பது நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டியும் சேரும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். கட்டணம் கொடுப்பவனிடமே இப்படிப் பேசுவதற்கு நேர்மை வேண்டும். அதற்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அந்தக் கிடங்குப் பணியாளர் சேர்ந்த தேதியைக் காட்ட நியமனக் கடிதம் எதுவும் இல்லை. என் தந்தையாரின் பற்று நோட்டைப் புரட்டச் சொன்னார் வழக்கறிஞர். 2009ஆம் ஆண்டுப் புரட்டாசியில் பணியாளர் பெயரில் முதல் முன்பணம் எழுதியிருந்தது. அதையே சான்றாக வைத்துக் கணக்கை முடித்து, இருபத்திரண்டாம் நாளில் வங்கியில் செலுத்தினோம்.

முதலாளியின் பக்கத்தையும் அவர் கைவிடுவதில்லை. பில் போடாமல் சரக்கு வெளியே போகிறது என்ற ஐயத்தில், ஒரு விற்பனையாளரை அன்று மாலையே நிறுத்திவிட நினைத்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் அல்லது அதற்கு ஈடான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. முன்னறிவிப்பின்றி நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டை விசாரணை நடத்தி நிறுவியாக வேண்டும் என்று தடுத்தார். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்து, இருப்பைச் சரிபார்த்தபோது, பிழை பழைய இருப்புப் பட்டியலில் இருந்தது தெரிந்தது. அன்று அவசரப்பட்டிருந்தால் வழக்கும் வந்திருக்கும், நல்ல ஆளையும் இழந்திருப்பேன்.

2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கடைகளில் வேலை செய்வோர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்பது தெரிந்ததே. நானும் ஸ்டூல்கள் வாங்கியிருந்தேன். அவர் நேரில் வந்து பார்த்து, கிடங்கில் கிடக்கும் ஸ்டூலில் கல்லாப் பக்கம் நிற்கும் பெண் எப்போது உட்காருவார் என்று கேட்டார். அன்றே அவை விற்பனைப் பகுதிக்கு வந்தன. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலியோருக்கு வருமானம் பார்க்காமல் வழங்கப்படும் இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணையும் பணியாளர்கள் காணும் இடத்தில் ஒட்டச் சொன்னார்.

குறையும் உண்டு. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, ஒன்பது பக்க ஆங்கிலச் சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். நேரில் விளக்கம் கேட்க மூன்று வாரம் காத்திருந்தேன். வேலையிலிருந்து விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும், படிகள் (அலவன்ஸ்) மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும் என்ற இரண்டு செய்திகளே எனக்கு உடனே தேவைப்பட்டவை. அவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கலாம். சிறு கடைக்காரர்களை நம்பி நடக்கும் அலுவலகம் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஏறக்குறைய பத்துப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைக் கடைக்காரர்கள் இத்தகைய ஒருவரைத் தேடிக்கொள்வது நல்லது. எங்கள் கடையில் இப்போது எட்டுப் பேருக்கும் தமிழில் நியமனக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சேர்ந்த தேதி அதன் முதல் வரியிலேயே இருக்கிறது.