முடக்குவாதத்துக்கு எந்த மருந்து கேட்கும்: மரபணு, ரத்தம், மூட்டுத் திசு எதை நம்பலாம்?

முடக்குவாதம் (மூட்டுகளை அரிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உறுதியானதும் பெரும்பாலோருக்கு முதலில் கொடுப்பது வாரம் ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட். அது போதாவிட்டால் அடலிமுமாப் போன்ற டி.என்.எஃப். (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம்) தடுப்பு ஊசிகள். அவையும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்று தெரியவே மூன்று மாதம் போய்விடுகிறது. அதற்குள் அரித்துப்போன விரல் எலும்பு பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. ஆகவே முன்கூட்டியே சொல்லும் சோதனை ஒன்று வேண்டும் என்று நோயாளிகள் கேட்பது முழுக்க நியாயம்.

அந்த இடத்துக்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. அதிகம் பேசப்படுவது மரபணுச் சோதனை. ஒருமுறை எச்சிலோ ரத்தமோ கொடுத்தால் போதும், முடிவு ஆயுளுக்கும் மாறாது. ஆனால் அந்த மாறாத்தன்மையே இங்கே பலவீனமும்கூட. நோய் ஏறி இறங்குகிறது, புகைப்பழக்கம் மருந்தின் பலனைக் குறைக்கிறது, இவை எதுவும் டி.என்.ஏ.வில் பதிவாவதில்லை. மெத்தோட்ரெக்சேட்டுக்கு எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். மெத்தோட்ரெக்சேட் தடுப்பது உடல் ஃபோலேட் என்ற வைட்டமினைப் பயன்படுத்தும் பாதையை, இந்த மரபணு தரும் நொதியும் அதே பாதையில் வேலை செய்வது என்பதால் எதிர்பார்ப்பு இயல்பானதுதான். ஒரு குழு தொடர்பு உண்டு என்றால் இன்னொரு குழு இல்லை என்கிறது.

நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 மரபணுவின் கதை இதைவிடச் சுவையானது. அதன் புரதத்தில் 11ஆம் இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருப்பவர்களுக்கு மூட்டு அரிப்பு அதிகம், ஆனால் டி.என்.எஃப். தடுப்பு ஊசிக்குப் பலனும் சற்றுக் கூடுதல் என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. கூட்டமாகப் பார்த்தால் தெரியும் இந்த வித்தியாசம், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு ஊசி எழுதலாமா என்று முடிவு செய்யப் போதாது. என்னை மிகவும் யோசிக்கவைத்தது டி.என்.எஃப். தடுப்பு ஊசியின் பலனை முன்கூட்டியே கணிக்க நடந்த ஆய்வுப் போட்டியான ட்ரீம் சவாலின், 2016இல் வெளியான முடிவு. 2,700க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவை வைத்துப் பல குழுக்கள் கணிப்பு முறைகளை உருவாக்கின. வயது, பாலினம், நோயின் தொடக்க அளவு போன்ற சாதாரணத் தகவல்களோடு மரபணு வேறுபாடுகளைச் சேர்த்தபோது கணிப்பு குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. பலனை அளக்கும் மதிப்பெண்ணிலும் சிக்கல் இருக்கிறது. வீங்கிய மூட்டுகளோடு நோயாளி சொல்லும் வலியையும் கூட்டித்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். வலிக்கு ஒற்றை மரபணு விளக்கம் தேடுவது வீண்.

ரத்தத்தில் முடக்குவாதத்தைக் காட்டும் ருமட்டாய்டு காரணி, சி.சி.பி. எதிர்ப்பான் என்ற இரண்டு எதிர்ப்பான்களைப் பார்ப்பது புதுமையில்லாத வழி. இரண்டும் பாசிட்டிவ் என்றால் ரிடுக்சிமாப், அபாடாசெப்ட் ஆகிய வேறு வகை ஊசி மருந்துகள் நன்றாகக் கேட்கும் வாய்ப்பு கூடுகிறது. இதுவும் உறுதி தருவதில்லை, ஆனால் நோயைக் கண்டறியும்போதே இந்தச் சோதனை பெரும்பாலும் செய்யப்பட்டிருக்கும். கூடுதல் செலவில்லாமல் கையில் இருக்கும் தகவலை மறந்துவிட்டு மரபணு அறிக்கைக்குக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது மூன்றாவது வழி: நோய் நடக்கும் இடத்திலேயே, அதாவது மூட்டுச் சவ்விலிருந்து, திசு எடுத்துப் பார்ப்பது. 2021இல் வெளியான ஆர்4ஆர்.ஏ. ஆய்வில் டி.என்.எஃப். தடுப்பு ஊசி கேட்காத 164 பேர் இருந்தார்கள். திசுவின் ஆர்.என்.ஏ.வில் பி-செல் (எதிர்ப்பான் உருவாக்கும் வெள்ளணு) தடயம் குறைவாக இருந்தவர்களில் டோசிலிசுமாப் என்ற இன்னொரு ஊசி மருந்து 63 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, பி-செல்லைத் தாக்கும் ரிடுக்சிமாப் 36 சதவீதம் பேருக்கே. ஆனால் அதே திசுவை நுண்ணோக்கியில் மட்டும் பார்த்துப் பிரித்தபோது வித்தியாசம் உறுதியாகவில்லை. ஊசி மருந்து இன்னும் தொடங்காதவர்களிடம் நடந்த ஸ்ட்ராப் ஆய்விலும் நுண்ணோக்கிப் பிரிப்பு கைகொடுக்கவில்லை. மூட்டுக்குள் ஊசி செலுத்தித் திசு எடுக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும் என்ற தடையும் இருக்கிறது.

ஆகவே என் தேர்வு: இன்றைக்கு எதிர்ப்பான் சோதனை, அதோடு மூன்றாம் மாதத்தில் கண்டிப்பான மறுமதிப்பீடு. முன்னேற்றம் தெரியாவிட்டால் சிகிச்சையை மாற்றத் தயங்கக் கூடாது.

மரபணுச் சோதனையை நான் ஒதுக்கச் சொல்லவில்லை, அதைப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தலாம். முடக்குவாதத்தில் இப்போது அரிதாகவே தரப்படும் அசத்தியோபிரின் என்ற மருந்து எழுதப்பட்டால், அதை உடல் கையாள உதவும் டி.பி.எம்.டி., என்.யு.டி.டி.15 மரபணுக்கள் இரண்டையும் முன்பே பார்க்கக் கேளுங்கள். இவற்றில் குறை உள்ளவருக்கு வழக்கமான அளவே எலும்பு மஜ்ஜையைப் பலமாகத் தாக்கிவிடும். இரண்டாவது குறை ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, அவர்களுக்கு முதல் சோதனை மட்டும் போதாது.